முதல் ரொட்டியில் பாதி

அடுப்பில் சூடு சரியாக ஏறியிருக்கிறதா என்று அந்தக் கடையில் கருவி எதுவும் சொல்வதில்லை, ரொட்டிதான் சொல்லும். விடியலில் முதல் ஈடு உள்ளே போவதற்கு முன்னால், கைப்பிடி அளவு மாவை உருட்டி ஒற்றை ரொட்டியாக அடுப்பின் நடுவில் வைப்பார்கள். மேலே சிவந்து, அடியில் தட்டினால் காலிப் பெட்டியைத் தட்டியதுபோல் சத்தம் கொடுத்தால் சூடு சரி. அப்புறம் அடுப்பில் நிற்கிறவர் அதைத் தின்று பார்க்க வேண்டும். உள்ளே ஈரம் நிற்கிறதா, உப்பு தூக்கலா என்பதை நாக்குதானே சொல்ல முடியும். பதம் பார்க்கிற ரொட்டி என்று அதற்குப் பேர். அதை விற்பது கிடையாது. அடுப்பில் நிற்கிறவரைத் தவிர வேறு யாரும் அதைத் தொடுவதும் கிடையாது.

மாவு பிசைவது அவள் வேலை. அடுப்பு அவள் புருஷனுடையது. முன்பக்கத்துக் கல்லாவும் கண்ணாடி அலமாரியும் அவன் அக்காவுடையவை. அவளுக்கு நாத்தனார், கூப்பிடுவது அண்ணி என்று. கீழே கடை, மாடியில் வீடு. மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழேதான் சம்பாதித்தார்கள், தின்றார்கள், முறைத்துக்கொண்டார்கள்.

அண்ணிக்கு வாய்தான் கடையின் விளம்பரம். சர்க்கரை வியாதி என்று தெரிந்த அன்றே, கடையில் இருக்கிற எதையும் அண்ணி வாயில் வைக்கக்கூடாது என்று அவள் சட்டம் போட்டுவிட்டாள். மதியத்துக்கு வேகவைத்த காய், ராத்திரிக்கும் வேகவைத்த காய். "ரொட்டிக்கடையில உக்காந்து பட்டினி கெடக்குற ஒரே ஆள் உலகத்துலயே நான்தான். என் தம்பி பொண்டாட்டி போலீசு வேலைக்குப் போயிருக்க வேண்டியவ, தப்பி மாவுல வந்து விழுந்துட்டா" என்று வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் அண்ணி சொல்வார். அவளுக்குக் கேட்கும்படியாகத்தான் சொல்வார். அவளும் சிரிப்பாள். ஆனால் சட்டத்தைத் தளர்த்த மாட்டாள். பார்த்துப் பார்த்துக் கவனிக்காவிட்டால் இந்த அக்காவும் தம்பியும் ஒரே வருஷத்தில் தன்னைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று அவள் உள்ளூர நம்பினாள்.

அந்த நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது. போன குளிர்காலத்தில் புருஷனின் நெஞ்சைத் திறந்து, கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்றை வைத்துத் தைத்தார்கள். வீடு அடங்கியிருக்கும்போது அவன் பக்கத்தில் படுத்தால் அது அடிக்கிற சத்தம் கேட்கும். கைக்கடிகாரத்தைத் தலையணைக்கு அடியில் வைத்த மாதிரி. முதல் வாரம் அந்தச் சத்தத்தில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. அப்புறம் அது கேட்காவிட்டால் தூக்கம் வரவில்லை.

உலோகத்தின் மேல் ரத்தம் பட்டால் உறையப் பார்க்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உறைந்து கட்டியானால் வால்வு திறக்காமல் நின்றுவிடும். இல்லாவிட்டால் கட்டி பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போகும். அதனால் ரத்தத்தை இளக்கி வைக்கும் மாத்திரையை ஆயுசு முழுக்க, தினமும் சாயங்காலம் விழுங்க வேண்டும். மாத்திரை வேலை செய்கிறதா என்று அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். ஓர் எண் வரும். வால்வு வைத்தவர்களுக்கு அது மூன்றை ஒட்டி நிற்க வேண்டும். எந்த மாத்திரையும் போடாத ஆளுக்கு ஒன்று.

அவனுக்கு ஒன்றுதான் வந்தது.

டாக்டர் அளவைக் கூட்டினார். மறுபடி ஒன்று. மறுபடி கூட்டினார். ஒன்றைத் தாண்டி ஒரு புள்ளி நகர்ந்தது, அடுத்த முறை அதுவும் திரும்பிப் போய்விட்டது. கீரை சாப்பிடுகிறாரா என்று கேட்டார். அதில் உள்ள சத்து மாத்திரைக்கு எதிராக வேலை செய்யுமாம். அன்றைக்கே அவள் சமையலறையிலிருந்து பச்சையாக இருந்த எல்லாவற்றையும் வெளியேற்றினாள். முட்டைக்கோஸைக்கூட விடவில்லை. அடுத்த முறையும் ஒன்று. டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, இந்த மாத்திரை இதுவரை என்னிடம் பொய் சொன்னதில்லை, மனிதர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்றார்.

"முழுங்குறேன் டாக்டர்" என்றான் அவன்.

"தினமுமா?"

"தினமும்தான். இவளே எடுத்துக் குடுக்குறா. கேட்டுப் பாருங்க."

டாக்டர் அவளைப் பார்த்தார். எடுத்துக் கொடுப்பது உண்மை. அவன் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பதும் உண்மை. ஆனால் குடித்த கையோடு பின்கட்டுக் குழாயடிக்குப் போய் வாய் கொப்பளிப்பான். காலம் காலமாகச் சாப்பிட்டதும் அப்படித்தான் போவான். இத்தனை வருஷத்தில் அவள் அதைக் கவனித்ததே இல்லை. அன்றைக்கு டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் குழாய்ச் சத்தம் காதில் விழுந்தது. அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அதற்குப் பிறகு எல்லாமே கண்ணில் பட ஆரம்பித்தது. அறுவை சிகிச்சைக்கு முன்பு சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டு, மாவு மூட்டைகளுக்குப் பின்னால் நின்று புகைத்தவன் அவன். கேட்டால் சரி சரி என்பான், செய்வதை அவன் இஷ்டத்துக்குச் செய்வான். துவைக்கப் போட்ட மேலங்கியின் பையில் ஒரு நாள் ஒரு மாத்திரை கிடந்தது. ஒன்றே ஒன்று. மாவு ஒட்டி, ஈரத்தில் ஓரம் கரைந்திருந்தது. கேட்டதற்குத் தவறி விழுந்திருக்கும், நீ இன்னொன்று கொடுத்தாயே, அதை விழுங்கினேனே என்றான். அவன் சொன்னபடி நடந்ததும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஆனாலும் மனசு சமாதானப்படவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, தினமும் காலையில் அவள் குளித்துவிட்டு மாடியிலிருந்து இறங்கும்போது அவன் முன்பக்கத்திலிருந்து அடுப்பறைக்குத் திரும்பி வந்துகொண்டிருப்பான். அவளைப் பார்த்ததும் மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு முகத்தை அடுப்பின் பக்கம் திருப்பிக்கொள்வான். ஏதோ மறைக்கிறான் என்பது கண் இருக்கிற யாருக்கும் தெரியும்.

வாழப் பிடிக்காமல் செய்கிறானோ என்று அவளுக்குத் தோன்றியது. நெஞ்சில் இரும்போடு வாழ்வது அவனுக்கு அலுத்துப்போயிருக்கலாம். இதை யாரிடம் கேட்பது. அண்ணியிடம் ஒரு மதியம் வாயெடுத்தாள். "மாத்திரையா? சின்ன வயசுல ஒரு கசாயத்துக்காக எங்க வீட்டையே மூணு சுத்து சுத்தி ஓடினவன் அவன்" என்று அண்ணி சிரித்தார். அவன் விழுங்கத்தான் செய்வான், கவலைப்படாதே என்று பின்னால் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அளவு மாறும்போதெல்லாம் பழைய அட்டைகள் மிஞ்சின. அவற்றை அவள் மாவு சலிக்கும் அறையின் மேல்தட்டில் வைத்திருந்தாள். ஒரு நாள் விடியலில், அவன் அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டிருந்தபோது, சில மாத்திரைகளைக் கல்மேசையில் போட்டுக் கட்டையை உருட்டிப் பொடித்தாள். மாவில் எதைச் சேர்த்தாலும் அது இருக்கிற இடம் தெரியாமல் பண்ணுவது அவளுக்குக் கைவந்த வேலை. உப்பு, சீனி, ஏலப்பொடி என்று எத்தனை சேர்த்திருக்கிறாள். கொஞ்சம் மாவைத் தனியாகக் கிள்ளி, பொடியைத் தூவி, மடித்து மடித்துப் பிசைந்து, பதம் பார்க்கிற ரொட்டியாக உருட்டி அவனிடம் நீட்டினாள். அவன் அதைத் நீளமான மரத்துடுப்பின் நுனியில் வைத்து உள்ளே விட்டான். அவள் மாடிக்குப் போய்க் குளித்தாள். தலையில் தண்ணீர் ஊற்றும்போது பல மாதங்களுக்குப் பிறகு முதல் முறையாக மனம் லேசாக இருந்தது. மாத்திரையைத் துப்பலாம். ரொட்டியைத் துப்ப மாட்டான். அவன் ரொட்டிக்காரன்.

அப்படியே வாரங்கள் போயின. மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஒன்று. சூட்டில் மருந்து செத்துவிடுகிறதோ என்று நினைத்து, அவள் இன்னும் இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துப் பொடித்தாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், முதல் ஈடு வெந்துகொண்டிருந்தபோது அடுப்பறையில் மரம் தரையில் விழுகிற சத்தம் கேட்டது. அவள் படியில் பாதி இறங்கியிருந்தாள். துடுப்பு கீழே கிடந்தது. அவன் நின்றுகொண்டுதான் இருந்தான். வலது கை தோளிலிருந்து துணிபோலத் தொங்கியது. அந்தக் கையை இன்னொருவருடைய பொருள்போல அவன் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன ஆச்சு என்றாள். அவன் சொன்ன பதில் பேச்சாக வரவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. அடுப்பிலிருந்து கருகும் வாசனை வந்தது. இருவரும் அசையவில்லை. அவளுக்கு அந்த ரொட்டிகளை எடுக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. பிற்பாடு எத்தனையோ தடவை அதை நினைத்து அவள் கூசிப்போனாள்.

அண்ணி கடையைப் பார்த்துக்கொள்ள, பால் வண்டிக்காரர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். போய்ச் சேருவதற்குள்ளேயே கை கொஞ்சம் அசைந்தது. சின்னக் கட்டி ஒன்று மூளைக்குப் போய்க் கரைந்திருக்கிறது, இது எச்சரிக்கை, அடுத்தது இப்படி விட்டுவிட்டுப் போகாது என்றார்கள். வால்விலும் கட்டி பிடிக்கத் தொடங்கியிருந்தது. வயிற்றில் ஊசி போட்டார்கள். இந்த ஊசி வேறு வழியில் வேலை செய்யும், ஆனால் வீட்டில் ஆயுசுக்கும் இதையே போட்டுக்கொண்டிருக்க முடியாது என்றார்கள். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் வந்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். கட்டிலருகே வந்து குனிந்தார்.

"உங்களத் திட்டுறதுக்கு எனக்கு நேரம் இல்ல. இன்னைக்காவது உண்மையச் சொல்லுங்க. மாத்திரைய என்ன பண்றீங்க?"

அவன் கண்ணில் நீர் நின்றது. முழுங்குறேன் என்றுதான் வாய் அசைந்தது. குரல் குழறியது.

அவளுக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. அவர் துப்பினால் துப்பிவிட்டுப் போகட்டும் டாக்டர், நான் ரொட்டியில் போட்டுக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொன்னாள். இது தெரிந்தால் வைத்தியம் மாறுமோ என்ற நினைப்பில்தான் சொன்னாள். டாக்டர் தன் கையை அழுத்தி, கவலைப்படாதீர்கள் அம்மா என்று சொல்வார் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

டாக்டர் நிமிர்ந்தார். என்ன போட்டுக் கொடுத்தீர்கள் என்றார். சொன்னாள். எவ்வளவு என்றார். விரல் விட்டுச் சொன்னாள். எத்தனை நாளாக என்றபோது, கீரையை நிறுத்தியதற்குப் பின்னாலிருந்து என்றாள். டாக்டர் பக்கத்தில் நின்ற நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் அவளைப் பார்த்தார். அந்த அறையில் யாரும் அவளைப் பாராட்டப் போவதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"அப்படின்னா இவர் ரத்தம் தண்ணியா ஓடணுமேம்மா" என்றார் டாக்டர், மெதுவாக. "துப்புனாக்கூட ஓடணும். துப்பாம இருந்தா இந்நேரம் இவர்..." முடிக்காமல் நிறுத்திக்கொண்டு, நர்ஸிடம் திரும்பி, மருந்து ரத்தத்தில் எவ்வளவு நிற்கிறது என்று அளக்க உடனே ரத்தம் எடுத்து அனுப்பச் சொன்னார்.

அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபம்போல் தெரியவில்லை. மனசுக்குள் எதையோ ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கிற முகம். நல்ல கையை உயர்த்தி அவள் புடவையைப் பிடித்து இழுத்தான்.

"எந்த ரொட்டி?" நாக்கு திரும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொல்லாகத் தள்ளினான்.

"பதம் பாக்குறது."

அவன் கண்ணை மூடினான். "அதுல பாதி அக்காவுக்குக் குடுப்பேன். தெனமும். நீ குளிக்கப் போனதும்."

ரொட்டிக்கடையில் பட்டினி கிடக்கும் அக்காவுக்கு, சூடாக, யாரும் பார்ப்பதற்கு முன்னால். தினமும் காலையில் அவன் முன்பக்கத்திலிருந்து எதற்கு வந்தான், எதற்குக் கையைத் துடைத்தான், எதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்பதெல்லாம் அவளுக்கு ஒரே நேரத்தில் தெரிந்தது. அவன் மறைத்தது அதைத்தான். வேறு எதையும் இல்லை.

கடைக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து கடைக்கு எப்படி வந்தாள் என்பது அவளுக்கு ஞாபகமில்லை. மழையில் நனைந்த செருப்பு வழுக்கியது மட்டும் ஞாபகம் இருந்தது. கண்ணாடி அலமாரி பாதி காலியாக இருந்தது. வாங்க வந்த இரண்டு பேர் கல்லாவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா உள்ளே போனார், இன்னும் வரவில்லை என்றார்கள். பின்கட்டுக் குழாயடியில் அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வாயில் துணியை அடைத்திருந்தார். துணி சிவந்திருந்தது. தொட்டியும் சிவந்திருந்தது.

"பல்லுதான்" என்றார் அண்ணி, துணியை எடுத்துவிட்டு. "காலையிலேருந்து நிக்கல. அவனுக்கு எப்படி இருக்கு? கை வந்துச்சா?"

அவள் அண்ணியின் ரவிக்கைக் கையை மேலே தூக்கினாள். முழங்கைக்கு மேலே நீலமும் கருப்புமாக, பிசைந்த மாவில் விரல் பதிந்த மாதிரி கன்றிய தடங்கள். இன்னொரு கையிலும் இருந்தன. தட்டு இடித்துவிட்டது என்றார் அண்ணி. இத்தனை இடத்திலா என்று கேட்டாள். வயசாகிவிட்டது, தோல் மெல்லிசு என்றார். சிறுநீரும் சிவப்பாகப் போகிறதா என்று கேட்டதும் அண்ணி முகம் மாறியது. உனக்கு யார் சொன்னது என்றார். சொன்னால் நீ சர்க்கரை ஏறிவிட்டது என்று ஆரம்பிப்பாய், ஏன் ஏறியது என்று தோண்டுவாய், அவன் மாட்டிக்கொள்வான் என்றுதான் சொல்லவில்லை என்றார். அவள் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.  அண்ணிதான் அவளைத் தூக்கிவிட்டார்.

ஒரே நாளில் அக்காவும் தம்பியும் ஒரே ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். தம்பிக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஊசி. அக்காவுக்கு ரத்தம் உறைவதற்கு ஊசி. இரண்டு அறைகளுக்கும் நடுவில் நீளமான நடை. அவள் அதில் நடந்துகொண்டே இருந்தாள். அண்ணியின் எண்ணைக் கேட்டபோது நர்ஸ் சொல்லத் தயங்கினார். கருவி அதற்குமேல் காட்டாது என்றார். அவள் புருஷனுக்கு மாதக்கணக்கில் வேண்டி நின்ற எண், பல மடங்காக அடுத்த அறையில் ஏறியிருந்தது. இன்னொரு நாள் போயிருந்தால் தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கும் என்றார்கள். துணி மாற்றி மாற்றி வைத்தார்கள். சாயங்காலம் சிவப்பு இளஞ்சிவப்பானது. மறுநாள் காலையில் துணி வெள்ளையாக இருந்தது.

டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் முகத்தில் பழைய கண்டிப்பு இல்லை. அவரே எதற்கோ பதில் சொல்ல வேண்டியவர்போல் இருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் பொய் சொல்லலம்மா. மருந்து அவர் ரத்தத்துல அளவுக்கு மேல நிக்குது. பாதி ரொட்டியில போனது மட்டும்னா இவ்வளவு நிக்காது. ஒரு மாத்திரையக்கூட அவர் துப்பல. நான்தான் நம்பல."

அவள் விரல் நகத்தில் ஒட்டியிருந்த காய்ந்த மாவைச் சுரண்டினாள்.

ரத்தம் உறைவதற்கு ஒரு சத்து வேண்டும், கீரையில் வருவது அதுதான் என்று டாக்டர் சொல்லிக்கொண்டு போனார். உடம்பு அதை ஒரு முறை பயன்படுத்திவிட்டு எறிந்துவிடுவதில்லை. தீர்ந்துபோனதை மறுபடி சரிபண்ணி எடுத்துக்கொள்ளும். அதைச் சரிபண்ணுவதற்கென்றே உள்ளே ஓர் ஆள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

"மிஞ்சின ரொட்டிய ஊறவச்சு அடுத்த நாள் மாவுல சேக்குற மாதிரியா?" என்றாள். கேட்கத் தோன்றிக் கேட்டதல்ல. வாய் தானாகக் கேட்டது.

"அதே மாதிரிதான். இந்த மாத்திரை அப்படி ஊறவைக்கிற ஆளோட கையக் கட்டிப்போடும். பழசு திரும்ப வராது, ரத்தம் உறையுறது குறையும். எல்லாருக்கும் அப்படித்தான். உங்க வீட்டுக்காரருக்கு அந்த ஆளு கொஞ்சம் வேற மாதிரி. அந்த ஆள எப்படிச் செய்யணும்னு உடம்புல எழுதியிருக்கிற மரபணுவுலயே ஓர் எழுத்து மாறியிருக்கும்னு நினைக்கிறேன். கயிறு கையில நிக்கல, வழுக்கிடுது. அபூர்வம். நான் படிச்சிருக்கேன், பாத்ததில்ல. அதான் எனக்குத் தோணல."

பிறவியிலேயே அப்படியா என்று கேட்டாள். பிறவியிலேயே என்றார். அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வந்திருக்கும், கூடப் பிறந்தவர்களுக்கும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

"உங்க நாத்தனாருக்கு இல்லன்னு பரிசோதிக்காமலே தெரிஞ்சுபோச்சு" என்றார். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அப்புறம் அதைவிடக் கடினமான ஒன்றைச் சொன்னார். மறைக்க எனக்கு மனசு வரவில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சொன்னார்.

"அந்த மாற்றம் இருந்ததாலதான் மாத்திரை கேக்கல. அது இருந்ததாலதான் அவர் இன்னைக்கு உயிரோட இருக்கார். அவரும் எல்லாரையும் மாதிரி இருந்திருந்தா, நான் குடுத்ததும் நீங்க குடுத்ததும் சேந்து, ரெண்டே வாரத்துல முடிஞ்சிருக்கும்மா."

அவள் எழுந்து வெளியே வந்தாள். நடையில் யாரோ தரை துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஓரமாகப் போங்க என்றார்கள். அவள் ஓரமாகப் போனாள். சுவரில் கை வைத்து நின்றாள். அந்தக் கையைப் பார்த்தாள். தினமும் விடியலில், சுத்தமாக, பிரியத்தோடு அவனைக் கொன்றுகொண்டிருந்த கை. அவன் சாகவில்லை என்பது அவள் செய்ததைக் குறைத்துவிடவில்லை. அவன் உடம்பு அவளுக்குத் தெரியாமல் அவளைத் தடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

மதியம் ஆஸ்பத்திரி அலுவலகத்திலிருந்து விவரம் கேட்க ஒரு பெண் வந்தார். உணவில் மருந்து கலந்தது என்றால் மேலே சொல்லியாக வேண்டும் என்றார். அண்ணியின் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவள் வாசலில் நின்றாள். கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தயாராக இருந்தாள். எங்கே கூப்பிட்டாலும் போவதற்கும் தயாராக இருந்தாள்.

உங்களுக்கு யார் மருந்து கொடுத்தது என்று அந்தப் பெண் அண்ணியிடம் கேட்டார்.

"எனக்கு யாரும் குடுக்கல" என்றார் அண்ணி. உதடு வீங்கியிருந்தது. வாய் மட்டும் பழைய வாய். "என் தம்பி மருந்து தம்பி ரொட்டியில இருந்துச்சு. அவனுக்குப் பாத்துப் பாத்துச் செய்யுறவ அவ. எனக்கு ரொட்டியே கூடாதுன்னு சொன்னவளும் அவதான். நான் திருடித் தின்னேன். திருடித் தின்னா பல்லுல ரத்தம் வரத்தான் செய்யும். எழுதிக்குங்க."

அந்தப் பெண் சிரிக்கலாமா என்று தெரியாமல் எழுதிக்கொண்டார். உங்கள் தம்பிக்கு அது தெரியுமா, சம்மதித்தாரா என்று கேட்டார். அதை அவன்கிட்டதான் கேக்கணும் என்று அண்ணி சொல்லிவிட்டு, வாசலில் நின்றவளைப் பார்த்தார். கூப்பிடவில்லை. பார்வையைத் திருப்பவும் இல்லை. அந்தப் பார்வையில் மன்னிப்பு இருந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. உயிர் பிழைத்தவர்களின் அசதி இருந்தது.

அடுத்த அறையில் அதே கேள்வியை அவனிடம் கேட்டார்கள். அவள் உள்ளே போகவில்லை. கதவுக்கு வெளியே அவன் குரல் கேட்டது. எனக்குத் தெரியும் என்று அவன் சொன்னான். ரொட்டி கசக்கத்தான் செய்தது, தெரிந்துதான் தின்றேன் என்றான்.  எந்த ரொட்டி வாய்க்குள் போனாலும் அதில் உப்பு ஒரு சிட்டிகை கூடியிருந்தால் கண்டுபிடிக்கிற நாக்கு அவனுடையது. கசந்தது உண்மையாக இருக்கலாம். கசந்தும் அவள் பிசைந்தது என்று தின்றிருக்கலாம். அல்லது அவளைக் காப்பாற்ற இப்போது பொய் சொல்கிறானோ என்னவோ. மாதக்கணக்கில் உண்மையைச் சொன்னவனை அவள் நம்பவில்லை. இன்றைக்கு அவன் சொல்வது உண்மையா பொய்யா என்று கண்டுபிடிக்கிற தகுதி அவளிடம் இல்லை.

விசாரணை அதோடு நின்றது, இரண்டு பேரும் வீடு திரும்பினார்கள். மரபணுப் பரிசோதனையின் முடிவு பிற்பாடு வந்தது, அதுவரை அவனுக்கு ஊசிதான். டாக்டர் நினைத்தபடியே ஓர் எழுத்து மாறியிருந்தது. மாத்திரை அடியோடு பயனற்றது இல்லை, மற்றவர்களுக்குக் கொடுப்பதைப்போலப் பல மடங்கு கொடுத்தால் கயிறு கொஞ்சமாவது பிடிக்கும் என்று டாக்டர் கண்டுபிடித்தார். அவனை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்து, அங்கே வைத்தே கூட்டிக் கூட்டிப் பார்த்தார்கள். எண் இரண்டைத் தாண்டியது. அப்புறம் மூன்றை எட்டிப் பார்த்தது. நர்ஸ் கைதட்டினார்.

கடையை மறுபடி திறந்தார்கள். அண்ணி கல்லாவில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் ஓசியில் ஓய்வெடுத்த கதையை வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். என்ன வியாதி என்று கேட்டவர்களுக்குப் பல் வியாதி என்றார். அவளிடம் பேசினார், ஏசினார், காயில் உப்பில்லை என்றார். ஒன்று மட்டும் மாறியிருந்தது. அவள் தட்டை நீட்டும்போது அண்ணியின் கை ஒரு கணம் பின்தங்கி, அப்புறம்தான் வாங்கியது. அண்ணிக்கே அது தெரிந்திருக்காது.

அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. அடுப்பில் நின்றான், விறகு தள்ளினான், கேட்டதற்குப் பதில் சொன்னான். திட்டிவிட்டால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது. ஒரு முறை அவளே ஆரம்பித்தாள். மாவு மேசைக்கு அந்தப் பக்கம் அவன் நின்றிருந்தான்.

"நான் உங்களக் கொல்லப் பாத்தேன்" என்றாள்.

"நீ பிழைக்க வைக்கப் பாத்தே" என்றான். கொஞ்ச நேரம் துடுப்பைத் துடைத்தான். "அது எனக்குப் புரியுது. அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. முழுங்குறேன்னு எத்தன தடவ சொன்னேன். அதான்."

அவ்வளவுதான் பேசினான்.

அன்று சாயங்காலம் சாப்பாடு முடிந்ததும் மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டிக் கொடுத்தாள். இப்போது அது ஒரு கை நிறைய இருந்தது. அண்ணி கீழே கதவடைத்துக்கொண்டிருந்தார். அவன் எல்லாவற்றையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டான். தண்ணீர் குடித்தான். குரல்வளை ஏறி இறங்கியது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவன் குழாயடிக்குப் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே அவளை நிமிர்ந்து பார்த்து, வாயை அகலமாகத் திறந்தான்.

"வேணாங்க" என்றாள். "மூடுங்க."

அவன் மூடவில்லை. கண்ணில் கேலி இல்லை. கோபமும் இல்லை. பரிசோதனைக்கு வந்த குழந்தைபோல் நாக்கை உயர்த்திக் காட்டினான். கன்னத்தை விரலால் இழுத்து அந்தப் பக்கமும் காட்டினான். அப்புறம் இந்தப் பக்கம். தாடை வலித்திருக்கும். அவன் நெஞ்சுக்குள்ளிருந்து அந்தக் கடிகாரச் சத்தம், திறந்த வாய் வழியாக, அறை முழுக்கக் கேட்டது. அவள் பார்க்கிற வரை அவன் மூடப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

தட்டைக் கீழே வைத்துவிட்டு அவன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். பார்த்தாள். நாக்கு, தேய்ந்த கடைவாய்ப் பற்கள், உள்நாக்குக்குப் பின்னால் இருட்டு.

உள்ளே ஒன்றும் இல்லை.